மிக்கேல் மினுக்கிய மத்தியானங்கள்

மத்தியானம் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவதில் தப்பு இருப்பதாக யாரும் சொல்ல மாட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் நேற்று மேசையில் தலை வைத்துப் படுத்திருந்ததைப் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததும் இவரிடம் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை வந்தது. தூக்கத்தின் அருமை தெரிந்த ஆளிடம் பாதி விஷயத்தை விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் சேவுகப்பெருமாள். காரைக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை. நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவேன், ரத்தக் குப்பிகளை லேபுக்குக் கொண்டுபோவேன், கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாக ஏட்டையா சொன்னார். வேண்டாம், பேனாவை என்னிடமே கொடுங்கள் என்றேன். நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட எழுத்து. வார்டுப் பலகையைப் படிக்கவும் கையெழுத்துப் போடவும் தவிர வேறு எதற்கும் அது உதவியதில்லை. ஒரு தடவையாவது முழுசாக ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அவிக்கிற இடத்தில் ஆவி, காயப்போடுகிற களத்தில் வெயில். செருப்பில்லாமல் அந்தச் சிமெண்டுக் களத்தில் நடந்து நடந்து நெல்லைக் காலாலேயே கிளறிவிட வேண்டும். மீசை முளைக்கிற வயதில் ஏறிய சூடு உடம்பைவிட்டு இறங்கவே இல்லை. வீடு கழனிவாசல் பக்கம், மேலே தகரம். பொழுது போய் வெகுநேரம் ஆன பிறகும் அந்தத் தகரம் பகலில் குடித்த வெயிலைத் துப்பிக்கொண்டே இருக்கும். என் வீட்டுக்காரி பழகிக்கொண்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. தூங்காத மனுசன் என்று ஆலையில் எனக்குப் பெயர். பெருமையாகத்தான் சொன்னார்கள்.

இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. சர்வர் ரூமுக்குள் முதல் தடவை கால் வைத்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான்.

அது முதல் மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கிறது. ஓர் இரும்பு அடுக்கு. அதில் எட்டுப் பெட்டிகள். கம்ப்யூட்டர்தான், ஆனால் திரை கிடையாது. ஆஸ்பத்திரியில் எந்த மேசையில் எந்த விசையைத் தட்டினாலும் இந்தப் பெட்டிகளில் ஒன்றுதான் பதில் சொல்ல வேண்டும். முன்னால் இருந்த ஒரு மதர் ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயரை ஒட்டிவைத்திருந்தார். லேபுக்கு அந்தோணியார், மருந்துக்கடைக்குச் சூசையப்பர், பில் போடுவதற்குச் சவேரியார். நோயாளிகளுடைய விவரம் எல்லாம் மிக்கேலிடம். என்ன நோய், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளும், எது ஆகாது, எல்லாம் அவர் பொறுப்பு. "சூசையப்பர் படுத்துட்டாரு, மாத்திரை குடுக்க நேரமாகும்" என்று மருந்துக்கடைப் பிள்ளைகள் சன்னல் வழியாகச் சொல்லும். வெளியூர்க்காரர்கள் விழிப்பார்கள்.

அந்தப் பெட்டிகளுக்காக இரண்டு ஏசி. வார்டில் காற்றாடி நின்றாலும் அங்கே ஏசி நிற்காது. தூசி துடைப்பது என் வேலையாக வந்தது. முதல் நாள் துடைத்து முடித்துவிட்டு, ஏசிக்கு நேர் கீழே, கதவை ஒட்டின மாதிரித் தரையில் உட்கார்ந்தேன். கதவில் கண்ணாடி உண்டு. ஆனால் வெளியே நின்று எட்டிப் பார்த்தால் அடுக்கு தெரியும், கீழே தரை தெரியாது. சாய்ந்தேன். விழித்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. ஐயா, என் ஆயுளில் அதுதான் முதல் தூக்கம். அதுவரை தூங்கினதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தது.

அதற்கப்புறம் தினம் மத்தியானம் சாப்பிட்டதும் மேலே போய்விடுவேன். சில வருசம் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியது. உடம்பு தேறியது. வீட்டில் சிடுசிடுப்பது நின்றது. என்னப்பா, வயசு குறையுது என்று வார்டில் கேலி பண்ணினார்கள்.

போன வருசம் மாசி மாதம் கீர்த்தி வந்தாள். கண்டரமாணிக்கத்துப் பிள்ளை. மதுரையில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, முதல் வேலையாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டிருந்தாள். இதை நல்லபடியாக முடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னாள். நல்ல பிள்ளை. யாரிடமும் எதையும் மறைக்கத் தெரியாது.

"என்ன தாயி பண்ணப்போற இந்தப் பெட்டிகளை?" என்று கேட்டேன்.

"அண்ணே, கானாடுகாத்தான்ல பெரிய பெரிய வீடு பாத்திருக்கீகல்ல? ஒரே வீடு. ஆனா உள்ள ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனி அடுப்பு. ஒருத்தர் உலையில அடுத்தவுக கை வைக்கிறதில்ல. அது மாதிரி இந்த எட்டுப் பேரையும் ஒரு பெரிய பெட்டிக்குள்ள குடி வைக்கப்போறேன். அது படுத்தா தாங்கிக்கிறதுக்கு இன்னொண்ணு."

"அப்ப மிக்கேலு?"

"அவரும் உள்ளதான். உடம்பு இருக்காது. வேலை மட்டும் நடக்கும்."

"உடம்பு இல்லாம வேலையா? எனக்கும் அப்படி ஒண்ணு செஞ்சு குடு தாயி, புண்ணியமாப் போகும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகுதான் கேட்டேன், புதுப் பெட்டியை எங்கே வைப்பது என்று. கீழே மேனேஜர் அறையில், அலமாரிக்குள் என்றாள். இந்த அறை? பழைய கட்டில்களைப் போடப்போகிறார்களாம். ஏசி?

"கட்டிலுக்கு எதுக்குண்ணே ஏசி?"

மேனேஜர் பெயர் அழகுசுந்தரம். கெட்டவர் இல்லை, ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டால் அதை விடமாட்டார். பெட்டியில் ஒரே மாதிரி எரிகிற விளக்கு கரண்டு, மினுக்குகிற விளக்குதான் வேலை என்று எப்போதோ யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்றையிலிருந்து தினம் மத்தியானம் மாடிக்கு வந்து, கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "மினுக்குது" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு இறங்கிப் போவார். உள்ளே வரமாட்டார், சளி பிடிக்கும்.

அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏ பெருமாளு, மினுக்குற வரைக்கும்தான் ஏசி. என்னைக்கு ஒண்ணுமே மினுக்கலையோ அன்னைக்கு நிப்பாட்டிப் பூட்டிச் சாவியைக் கொண்டாந்துரு. கரண்டு பில்லைப் பாத்துட்டு மதர் என் தலையை உருட்டுறாக."

"ஆகட்டும் சார்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கீர்த்தி வேலையைத் தொடங்குவாள். அன்றைக்குப் புற நோயாளிகள் கிடையாது. ஒரு பெட்டிக்குள் இருப்பதை அப்படியே நகல் எடுத்து, புது வீட்டில் குடியேற்றி, சரியாகப் பேசுகிறதா என்று பார்த்து, பிறகு பழைய பெட்டியை அணைப்பாள். நீல வயரை உருவி அடுக்கிலேயே தொங்கவிடுவாள். மேலே ஒரு சிவப்புத் தாள் ஒட்டுவாள். 'அணைத்தது. போடக்கூடாது. கீர்த்தி.' கொஞ்ச நாளைக்குப் பழையதை அப்படியே வைத்திருக்க வேண்டுமாம், எதற்கும் இருக்கட்டும் என்று. இப்படி வாரத்துக்கு ஒரு புனிதர் உடம்பை விட்டார். ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. அதை நான் எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு எல்லோரும் மாற்றிப் பேசினார்கள்.

அறையில் மினுக்கல் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் மிக்கேல் மட்டும் இருந்தார். சித்திரை வெயில் தொடங்கிவிட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவரும் போனார்.

திங்கட்கிழமை மேனேஜர் வருவதற்கு முன்னால் நான் உள்ளே போய் மிக்கேலின் பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. ஒரே மாதிரி எரிந்தது. மினுக்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த நீல வயரை எடுத்து இருந்த ஓட்டையிலேயே சொருகினேன். மினுக்கியது. இவ்வளவுதான் ஐயா நான் செய்தது. நீங்கள் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு வயரைத்தான். சிவப்புத் தாளைப் படித்தேனா என்றால், படித்தேன். எழுத்துத் தெரியாமல் இருந்திருந்தால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "மினுக்குது" என்றார். போனார். நான் படுத்தேன். எழுந்ததும் வயரை உருவி, பொத்தானை அணைத்து, எல்லாவற்றையும் கீர்த்தி வைத்த மாதிரியே வைத்துவிட்டுக் கீழே வந்தேன். அடுத்த நாளும் அதே.

ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று பேச்சு வந்தது. காலையில் எல்லாம் சரியாக ஓடும். மத்தியானம் ஆனால் ஒரு வார்டில் தெரிகிற விவரம் இன்னொரு வார்டில் தெரியாது. வீட்டுக்குப் போன ஆள் கட்டிலில் படுத்திருப்பதாகக் காட்டும். கட்டிலில் படுத்திருக்கிற ஆள் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை என்று காட்டும். சாயங்காலம் மறுபடி சரியாகிவிடும். மதர் ஒருவர் புதுப் பெட்டி மேல் தீர்த்தம் தெளித்தார். பெட்டிக்குள் தண்ணீர் போய்விடப்போகிறது என்று கீர்த்தி குறுக்கே விழுந்து தடுத்தாள். அழகுசுந்தரம் குன்றக்குடியிலிருந்து திருநீறு கொண்டுவந்து அலமாரிக் கதவில் பூசினார். இரண்டு சாமியும் சேர்ந்தும் பெட்டி அடங்கவில்லை. சர்க்கரை முற்றின ஒரு பெரியவருக்குச் சாப்பாட்டுத் தட்டில் கேசரி வந்தது. அவர் யாரிடமும் சொல்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இந்தப் புது கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர் என்று பாராட்டினார். வார்டே சிரித்தது.

கீர்த்தி சிரிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

"அண்ணே, வகுப்புல வாத்தியார் பேரு கூப்பிடுறாரு. ஒரே பேருக்கு ரெண்டு பேர் உள்ளேன் ஐயான்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கு இது. யாரோ ரெண்டு பேர் மிக்கேல்ங்கிறாக. பாதிப் பேர் இவர்கிட்ட எழுதுறாக, பாதிப் பேர் அவர்கிட்ட எழுதுறாக. இவருக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியல." டீயை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மேல பழசு அணைஞ்சுதானே கெடக்கு?"

"நான் தினம் துடைக்கிறேன் தாயி. அணைஞ்சுதான் கெடக்கு."

"அதானே" என்றாள்.

ஆகவே, இதற்கு மேல் நடந்த எதையும் தெரியாமல் செய்தேன் என்று நான் எழுத முடியாது. அதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். அவள் அவ்வளவு தெளிவாக விளக்கினாள். கேட்டபோது எனக்குத் தோன்றியதையும் உள்ளபடியே எழுதிவிடுகிறேன். இப்படியே கொஞ்ச நாள் போனால் இந்தப் புது ஏற்பாடே வேண்டாம் என்று மதர் சொல்லிவிடுவார், பெட்டிகளெல்லாம் பழையபடி மினுக்கும், அப்புறம் நான் எந்தப் பொத்தானையும் தொட வேண்டியிருக்காது என்று தோன்றியது. நியாயமான யோசனையாகத்தான் பட்டது. கேசரி சாப்பிட்ட பெரியவரும் நன்றாகத்தான் இருந்தார்.

அவள் மாடிக்கு வந்து பார்க்கவே இல்லையா என்று கேட்டீர்கள். வந்தாள். அடிக்கடி வந்தாள். ஆனால் நான் அங்கே படுப்பது அவளுக்குத் தெரியும். வந்த புதிதிலேயே பார்த்துவிட்டாள். மேனேஜரிடம் சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த அறைக்கு வந்தால் முதலில் நடையிலிருந்து, "பெருமாளண்ணே" என்று குரல் கொடுப்பாள். பிறகு கதவைத் தட்டுவாள். நான் எழுந்து வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு திறக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பி நிற்பாள். வயதான மனிதனுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று நினைக்கிற பிள்ளை. ஒரு வயரை உருவிப் பொத்தானை அணைப்பதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றி நீங்கள் பல தடவை கேட்டுவிட்டீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

மத்தியானம் மிக்கேலை எழுப்பிவிட்டுக் கீழே வந்தேன். மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் படுக்கலாம் என்று காத்திருந்தபோது வாசலில் கூப்பிட்டார்கள். காளையார்கோவில் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பெயர் அடைக்கலமேரி. வயல்வேலை செய்கிற உடம்பு. காலில் கருவேல முள் ஏறி, சீழ் வைத்து, முழங்கால்வரை வீங்கியிருந்தது. நல்ல காய்ச்சல். மகன் மரிய ஆனந்த் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார். சக்கர நாற்காலியில் ஏற்றினேன்.

"மெதுவாத் தள்ளுங்க தம்பி. நான் என்ன நெல்லு மூட்டையா?"

"மூட்டையா இருந்தா தலையில தூக்கிருப்பேன் ஆத்தா. நீங்க மகாராணி, அதான் வண்டி."

"ஆமா. மகாராணி காலைப் பாத்தீகளா, யானைக்கால் கணக்கா இருக்கு."

அவ்வளவு காய்ச்சலிலும் பேச்சு குறையவில்லை. கவுண்டரில் விவரம் கேட்ட பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொன்னார். "பென்சிலின் ஊசி எனக்கு ஆகாது. முன்ன உங்க ஆஸ்பத்திரியிலயே போட்டாக, ஒண்ணும் செய்யல. போன வருசம் எங்க ஊர்ப் பக்கம் ஒரு டாக்டரு போட்டாரு. தொண்டை அடைச்சு மூச்சு நின்னுபோச்சு. பொழச்சதே மாதா புண்ணியம். எழுதிக்க தாயி."

அந்தப் பிள்ளை தட்டியது. தட்டியதை நான் பார்த்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்களும் காதுல வாங்கிக்கங்க. சின்னப் புள்ளைக, மறந்துருவாக."

"வாங்கிக்கிட்டேன் ஆத்தா" என்றேன்.

பெண்கள் வார்டில் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தேன். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து, கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மகன் மருந்துக்கடை வரிசைக்குப் போனார். அந்த அம்மா அசந்து கண்ணை மூடினார். வார்டில் ஷீலா சிஸ்டர் ஒருத்தர்தான். ஆரோக்கிய ஷீலா. அவசரப்படாத நர்ஸ். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தபடி போனில் கேட்டார், சிஸ்டர் திரையைப் பார்த்துச் சொன்னார். "ஒவ்வாமை எதுவும் இல்லைன்னு காட்டுது டாக்டர். முன்னாடி இங்கயே பென்சிலின் போட்டிருக்கு, ஒண்ணும் ஆகலை." அப்படியானால் அதையே போடு என்று டாக்டர் சொல்லியிருப்பார். வார்டுத் திரையில் தெரிந்தது பழைய மிக்கேல் சொன்னது. கவுண்டர்ப் பிள்ளை தட்டினது புது மிக்கேலிடம் இருந்தது. கீர்த்தி விளக்கிய மாதிரியேதான். கண்ணெதிரே நடந்ததால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

குளுக்கோஸ் குழாயில் போட ஊசியை எடுத்துக்கொண்டு வந்த ஷீலா சிஸ்டர் ஒரு நிமிடம் நின்றார். "அண்ணே, கவுண்டர்ல நீங்கதானே கூட இருந்தீக? ஊசி கீசி ஆகாதுன்னு எதுவும் சொன்னாகளா?"

நான் யோசித்தேன். சொன்னார்கள் என்று சொல்லலாம். சொன்னால், அங்கே தட்டினது இங்கே ஏன் தெரியவில்லை என்று ஷீலா சிஸ்டர் கீர்த்திக்குப் போன் போடுவார். இதுவரை இவ்வளவு பெரிய விஷயம் தவறினதில்லை. கீர்த்தி இந்தத் தடவை கதவைத் தட்டிக்கொண்டு நிற்கமாட்டாள், நேராக ஓடுவாள். மேலே மிக்கேல் மினுக்கிக்கொண்டிருக்கிறார். நான் கீழே நிற்கிறேன்.

"அப்படி ஒண்ணும் என் காதுல விழலையே சிஸ்டர்" என்றேன்.

பிறகு மாடிக்குப் போனேன். நல்ல தூக்கம். கீழே அழுகைச் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். எழுந்ததும் முதலில் வயரை உருவினேன், பிறகு பொத்தானை அணைத்தேன், பிறகு இறங்கினேன். மரிய ஆனந்த் மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாவைப் பிணவறைக்கு நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அப்போதும் மெதுவாகத்தான் தள்ளினேன்.

கீர்த்தி மறுநாள் அந்தக் குளிர்ந்த அறைக்குள் வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் கதவைத் தட்டினாளா என்று ஞாபகம் இல்லை. மிக்கேல் அணைந்து கிடந்தார்.

"எழுதினது இருக்குண்ணே. புதுசுல இருக்கு. அந்தப் புள்ளை தட்டின நேரங்கூட இருக்கு. வார்டுல மட்டும் தெரியல. ஏன்னு கேக்குறாக. எனக்குச் சொல்லத் தெரியலையே."

"விடு தாயி. மெசினு. அதுக்கு என்ன தெரியும்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை, ஆறிப்போனது.

விசாரணைக் குழு போட்டார்கள். புது ஏற்பாட்டில் கோளாறு, அதைச் செய்த பிள்ளைக்கு அனுபவம் போதாது என்று முடிவானது. கீர்த்தியைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பியது. இப்போது கண்டரமாணிக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கம்ப்யூட்டர் பக்கமே போகமாட்டாளாம். ஷீலா சிஸ்டர் நோயாளியிடம் கேட்காமல் ஊசி போட்டதாக வழக்கு. அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், அடுத்த வாரம் விசாரணைக்கு வருகிறது. மதர் எல்லாவற்றையும் பழையபடியே ஓட்டச் சொன்னார். கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து புதிதாகச் சேர்ந்த விவரங்களைப் பழைய பெட்டிகளில் ஏற்றினார்கள். எட்டுப் புனிதர்களும் உடம்புக்குத் திரும்பினார்கள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "எல்லாம் மினுக்குது" என்றார். அந்தக் கோடையில் காரைக்குடி எப்படிக் கொதித்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் அதோடு நிறுத்தியிருப்பேன். என்னை நிறுத்தவிடாதது ஆஸ்பத்திரிதான். பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது, இனி உதிரிப் பாகம் கிடைக்காது என்று இந்த வருசம் பங்குனியில் மறுபடி தொடங்கினார்கள். ஜெயகாந்தன் என்று ஒரு பையன் வந்தான். அதே ஞாயிற்றுக்கிழமைகள், அதே நீல வயர், அதே மாதிரிச் சிவப்புத் தாள். கடைசியில் அதே மிக்கேல். நானும் அதே பொத்தானை அமுக்கினேன்.

இரண்டாவது தடவை அமுக்கும்போது அடைக்கலமேரி ஞாபகத்துக்கு வரவில்லையா என்று கேட்டீர்கள். வந்தார். மறுபடி யாராவது சாகலாம் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். ஆனால் தினம் எத்தனையோ பேர் வருகிறார்கள், எல்லோருக்குமா ஊசி ஆகாமல் போகும்? அப்படி நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் மனசு லேசாகிவிட்டது. படுத்துவிட்டேன்.

ஜெயகாந்தன் கதவைத் தட்டவில்லை. குரல் கொடுக்கவும் இல்லை. இந்தக் காலத்துப் பையன்களுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. தள்ளித் திறந்தான், கதவு என் காலில் இடித்தது. விழித்தபோது அவன் மினுக்குகிற மிக்கேலையும் என்னையும் செல்போனில் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன பெருசு, யாரைக் கேட்டுப் போட்ட இதை?"

"ஏசிக்காகப் போட்டேன் தம்பி" என்றேன். அவன் நம்பவில்லை. பின்னால் யாரோ இருக்கிறார்கள், வேறு கம்பெனிக்காரன் சொல்லிச் செய்தது என்று இரண்டு நாள் அடித்துப் பேசினான். நீங்களும் அப்படித்தான் கேட்டீர்கள். யாரும் இல்லை ஐயா. ஒரு மனிதன் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே என் பங்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். போட வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் போட்டேன். வந்து கேட்ட பிள்ளையிடம் பொய் சொன்னேன். ஊசி ஆகாது என்று என் காதில் கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்றேன். அடைக்கலமேரியின் சாவுக்குக் கீர்த்தியும் காரணமில்லை, ஷீலா சிஸ்டரும் காரணமில்லை. நான்தான். அவர்கள் இரண்டு பேர் மேலும் உள்ளதை எடுத்து என் மேல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஷீலா சிஸ்டர் குழுவின் முன்னால் ஒரு விஷயம் சொன்னார். தப்பிப்பதற்காகச் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் இல்லையென்று மறுத்தேன். அவர் சொன்னது உண்மை. நான் பதில் சொன்ன பிறகும் அவருக்கு மனசு ஒப்பவில்லை. எதற்கும் எழுப்பி ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று அந்த அம்மாவின் தோளில் கையை வைத்தார். நான்தான் தடுத்தேன். "நல்லா அசந்து தூங்குறாக சிஸ்டர். எழுப்பாதீக, பாவம்" என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

இதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றதோடு சேர்த்து இதைக் குற்றமாக எழுத வேண்டாம், ஐயா. அன்றைக்கு நான் பேசியதில் அந்த அம்மாவின் நல்லதுக்காகப் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.